எழுபத்தொன்றாம் பிளாக் முருங்கை

நைட் ஷிப்ட் முடித்து
சோழிங்கநல்லூரில் ஷேர் ஆட்டோ மாறி
பெரும்பாக்கம் வந்தபோது காலை ஆறே முக்கால்.
எழுபத்தொன்றாம் பிளாக் முன்னால் கூட்டம்.
யாரோ மாடியிலிருந்து விழுந்துவிட்டார்கள்
என்றுதான் முதலில் நினைத்தேன்.
இங்கே கூட்டம் என்றால் அது,
இல்லாவிட்டால் தண்ணி லாரி.

ஆனால் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
மண் நிறச் சட்டைகள்.
தோளில் தூங்கும் பிள்ளையைப் போல
ஆளுக்கொரு கேமரா,
அதற்கும் ஒரு சட்டை.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க மேடம்."
மேடம்!
ஆறு வருஷத்தில்
கரன்ட் கணக்கு எடுக்க வருபவர்கூட
அப்படிக் கூப்பிட்டதில்லை.
நின்றேன்.

கம்பளிப்பூச்சி உதிர்கிறதென்று
வெட்டச் சொல்லிப் போன வாரம்தான்
எழுதிக் கொடுத்திருந்தோம் அந்த முருங்கையை.
அதன் மூன்றாவது கிளையில் இருந்தது.
கைப்பிடிக்குள் அடங்கும்.
முதுகு கறுப்பு.
தொண்டையில், அப்போதுதான் கொளுத்திய கற்பூரம்.

ஜப்பானில் பிறந்ததாம்.
குளிருக்குப் போர்னியோ போக வேண்டியதாம்.
புயல் தள்ளியிருக்கலாம்,
இல்லை, தலைக்குள் இருக்கும் திசைமானி
பிறக்கும்போதே கோணலாக இருந்திருக்கலாம் என்றான்
நிகிலன் என்கிற கண்ணாடிப் பையன்.
திருச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவன்.
பெங்களூரிலிருந்து மூன்று பேர்.
ஒரு அம்மா விமானத்தில்.

"இங்க வர உங்களுக்கு பஸ் கிடைச்சுதா?"
என்று கேட்டாள் எதிர்வீட்டு தில்ஷாத்.
கேலி இல்லை.
அவள் மகன் படிப்பது இன்னும் சிந்தாதிரிப்பேட்டையில்.

"வழி தவறிச்சா, யாராவது ஏத்தி விட்டாங்களா?"
இது நான்.
நிகிலன் சிரித்தான்.
நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.
எனக்குத் தெரிந்து
யாரும் இங்கே தானாக வந்ததில்லை.
என்னை ஏற்றிய லாரியில்
மழைக்கு கிரைண்டரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன்,
கூவம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

பறவைக்குப் பெயர் ஏதோ ஈப்பிடிப்பான்.
"அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கு"
என்றாள் தில்ஷாத்.
அதற்கு எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாம் நாள் நூறு பேர்.
ஜெபக்கனி வீட்டு வாசலில் டீ, பத்து ரூபாய்.
மூன்றாம் நாள் கவுன்சிலர் வந்தார்,
லிஃப்ட் ஓடியது.
அன்று மட்டும்.
எட்டாவது மாடி கோதண்டம்
சும்மாவே நாலு தடவை ஏறி இறங்கினார்.

நாலாம் நாள் மதியம் கிளை காலி.
இருட்டும் வரை நின்றார்கள்.
போகும்போது நிகிலன்
பால் பாக்கெட் அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்தான்.
"எங்கயாவது பாத்தா உடனே கூப்பிடுங்கக்கா."

ஆறாம் நாள், லீவு.
பின்பக்கத்து ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.
கீழே கழிவுநீர் பம்ப் ரூம்,
அதன் மேல் தானாக முளைத்த பூவரசு.
அந்தப் பக்கம் யாரும் போவதில்லை, நாற்றம்.
கற்பூரம் அங்கே எரிந்துகொண்டிருந்தது.
எழும்பும், ஒரு ஈயைப் பிடிக்கும்,
அதே கிளைக்குத் திரும்பும்.
எழும்பும், திரும்பும்.

போனை எடுத்தேன்.
அட்டையில் நம்பர் தெளிவாகத்தான் இருந்தது.
பேலன்ஸும் இருந்தது.
துணி காய்ந்தது.

அன்று சாயங்காலம் அவனே மெசேஜ் போட்டான்,
இந்நேரம் போர்னியோ போயிருக்கும் அக்கா என்று.
ஜன்னலைப் பார்த்தேன்.
சரி தம்பி என்று அனுப்பினேன்.

அவர்கள் பதிவேட்டில் அது இருந்தது நாலு நாள்.
என் கேஸ் ஏஜென்சி காலண்டரில்,
மார்கழித் தாளில்,
பதினொரு புள்ளி.
பன்னிரண்டாவதற்கு
பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
ஷிப்டுக்கு நேரமாகும் வரை
ஜன்னலோரம் நின்றிருந்தேன்.